உட்கார்ந்திருப்பவர்களின் கூலி

ஆப்பியா
3 மார்ச் 1997

தங்கை லோசாவுக்கு,

உன் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரின் கூலியை நிறுத்திவிட்டேன். இந்த வாரத்திலிருந்தே; கொட்டகையில் வேலை செய்த நாளுக்குத்தான் இனிக் கூலி. வேறு யார் வாயிலிருந்தோ கேட்பதைவிட என் கையெழுத்தில் நீ படிப்பதுதான் முறை. பாதிரியார் வீட்டுத் தொலைபேசியில் சொல்லியிருப்பேன். அதில் ஒரு வார்த்தை பேசினால் லெவாசா ஊர் முழுக்கக் கேட்கும்.

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தேனே. என் மூன்று படகுகளும் முந்தின நாளே சூரை மீன் பிடிக்கப் போயிருந்தன, படகுக்கு நாலு பேர். கரையில் ஒன்பது பேர் வைத்திருக்கிறேன்: பனிக்கட்டி உடைக்க, தூண்டில் கோக்க, கயிறு சிக்கெடுக்க. மீன் கொட்டகையில் ஒரு ஆள் இல்லை. தூண்டில் முட்கள் துருவேறிக் கிடந்தன. ஒன்பது பேரும் உன் வீட்டில் பாய் விரித்து, சம்மணம் போட்டு, கடலைப் பார்த்தபடி இருந்தார்கள். "மரெகோ, என்னடா பண்றீங்க?" என்றேன். "உக்காந்திருக்கோம் ஐயா" என்றான். கயிறு திரிக்கிறோம் என்று சொல்வது போல, அத்தனை நிதானமாக.

தாபுவாயி எனக்குத் தெரியாததல்ல. நானும் சாமோவாக்காரன்தான். ஒருவன் கடலுக்குப் போனால் கரையில் இருப்பவர்கள் சண்டை சத்தமில்லாமல் உட்கார்ந்து, மனத்தால் அவன் கூடவே இருக்க வேண்டும். வேலை செய்கிறவனுக்கு அதுதான் பாதி பலம் என்பார்கள். சரி. ஆனால் அது குடும்பத்துக்கு. இது கம்பெனி. ஒரு கட்டு தீப்பெட்டி வாங்கி, தெருத்தெருவாக விற்று ஆரம்பித்தவன் நான். சும்மா இருப்பவனுக்குச் சம்பளம் கொடுத்திருந்தால் இன்றைக்கும் தீப்பெட்டிதான் விற்றுக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று. ஆக்லாந்தில் மூன்று நாள் நிர்வாக வகுப்புக்குப் போய்வந்தேன். ஆட்களை ஊக்கப்படுத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். போட்டி வைக்க வேண்டும், ஜெயித்தவன் பெயரை எல்லாரும் பார்க்கும்படி எழுத வேண்டும். இனி வாரத்தில் அதிக மீன் கொண்டுவரும் படகுக்கு இருநூறு தாலா. படகுத் தலைவன் பெயரை எழுதிக் கொட்டகை வாசலில் மாட்டப் பலகை ஒன்று இந்தக் கப்பலிலேயே வருகிறது. உன் மகன் ஃபலானிகோவின் பெயர்தான் முதலில் ஏறும், பார்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு எல்லார் முன்னாலும் என்னை "முதலாளி" என்று கூப்பிட்டாய். எனக்குப் பிடிக்கவில்லை.

உன் அண்ணன்
அபேலு


லெவாசா
8 மார்ச் 1997

முதலாளி அவர்களுக்கு,

அண்ணன் என்று ஆரம்பித்தால் தங்கை திட்டக் கூடாது. அதனால் இப்படி.

உங்கள் கடிதத்தைச் சாயங்காலப் பிரார்த்தனைக்குப் பிறகு எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ஒருவரும் கோபப்படவில்லை. மரெகோ மட்டும் கேட்டான்: "அப்ப நாங்க என்னம்மா பண்ணணும்?" "கொட்டகையில போய்த் தூண்டில் முள் தேய்ங்க" என்றேன். போய்விட்டார்கள். இப்போது உங்கள் முட்கள் வெள்ளி மாதிரி மின்னுகின்றன. வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையும் வந்தது. படகுத் தலைவர்கள் மூன்று பேரும் அதன் முன்னால் நின்றார்கள். பெனி, "இதுல ஒருத்தன் பேர் ஏறினா மத்த ரெண்டு பேரும் எந்த முகத்தோட கோயிலுக்குப் போறது?" என்றான். என் மகன், "ஏறினவன் எந்த முகத்தோட போறது, அதச் சொல்லு" என்றான். சிரித்துக்கொண்டே படகைத் தள்ளினார்கள்.

நேற்று மூன்றும் திரும்பின. உங்கள் கணக்குப்பிள்ளை எண்ணினார். ஃபலானிகோ நாற்பத்தொரு மீன். பெனி நாற்பத்தொன்று. மூன்றாவது படகும் நாற்பத்தொன்று. பாவம், அவர் மூன்று தடவை எண்ணினார். விஷயம் இதுதான்: நடுக்கடலில் மூன்று படகும் பக்கத்தில் பக்கத்தில் வந்து, குறைந்தவனுக்கு நிறைந்தவன் மீனைத் தூக்கிப் போட்டிருக்கிறான். உங்கள் இருநூறு தாலாவை யாருக்குக் கொடுக்கிறீர்கள்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கடலிலிருந்து ரேடியோவில் பெனி கேட்டானாம், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. ஒருவரும் இல்லை, முதலாளி நிறுத்திவிட்டார் என்று கொட்டகையிலிருந்து பதில் போயிருக்கிறது. இவர்கள் வீம்பு பண்ணவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. ஆனால் நம் மலை கண்ணில் தெரிகிற தூரத்தைத் தாண்டி ஒரு படகும் போகவில்லை. போன மாதம் இதே நாட்களில் எவ்வளவு மீன் வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

லோசா


ஆப்பியா
10 மார்ச் 1997

லோசா,

நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று. இரண்டு நாளாக இதுவே மண்டைக்குள் ஓடுகிறது. அலையடிக்கிற கடலில் படகோடு படகை ஒட்டி நிறுத்துவது லேசுப்பட்ட காரியமா? இடித்தால் இரண்டும் போச்சு. இருநூறு தாலா பரிசைத் தொடாமலிருக்க அதைவிட அதிகமாக எண்ணெய் எரித்திருக்கிறார்கள். முப்பது வருஷம் வியாபாரம் செய்கிறேன். திருடியவனைப் பார்த்திருக்கிறேன், ஏமாற்றியவனைப் பார்த்திருக்கிறேன். இப்படி நேர்மையாக என்னைத் தோற்கடித்தவனைப் பார்த்ததில்லை.

ஆனால் வியப்பை வைத்து மீன் விற்க முடியாது. பாங்கோ பாங்கோ மீன் ஆலைக்கு மாதக் கடைசிக்குள் ஐந்து டன் கொடுக்க வேண்டும். கிட்டத்தில் மீன் இல்லை. எட்டத்தில் இருக்கிறது. மலை மறையும் தூரம் போகாத படகை விற்றுவிடுவேன் என்று மூன்று பேரிடமும் சொல். இதையும் படித்துக் காட்டு.

அபேலு


லெவாசா
15 மார்ச் 1997

அண்ணனுக்கு,

ஃபலானிகோவின் படகு திரும்பவில்லை.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மாமா சொல்லிட்டாரு, போறோம்" என்றான். புதன்கிழமை காலை மூன்று படகும் மலை மறையும் தூரம் போயின. வியாழன் மாலை இரண்டு வந்தன. நடுவில் ஒரு பெருங்காற்று அடித்ததில் மூன்றும் பிரிந்துவிட்டதாகப் பெனி சொல்கிறான்.

வியாழன் மதியம் ஃபலானிகோ ரேடியோவில் வந்திருக்கிறான். "எஞ்சின் நின்னுடுச்சு. பாத்துக்கறோம்" என்றானாம். பிறகு, "யாராவது உக்காந்திருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறான். மரெகோவுக்குப் பொய் சொல்ல வராது. "இல்ல தம்பி, முள் தேய்ச்சிட்டிருக்கோம்" என்று சொல்லியிருக்கிறான். அதோடு ரேடியோத் தொடர்பு அறுந்துவிட்டது.

மரெகோ அழுதுகொண்டே என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். ஒன்பது பேரும் வந்தார்கள். இப்போது அறுபது பேர் இருக்கிறோம். ஆனால் அந்த நாலு பேருக்கும் அது தெரியாது, அண்ணே. ஒருவரும் இல்லை என்பதுதான் அவர்கள் காதில் கடைசியாக விழுந்தது.

லோசா


ஆப்பியா
17 மார்ச் 1997

லோசா,

தேடும் விமானம் மூன்று தடவை போய்வந்துவிட்டது. ஒன்றும் தென்படவில்லை. நான் இங்கே இருந்தால்தான் நாலாவது தடவை போகும். ஒரு அலுவலகம் விடாமல் போய் நிற்கிறேன். காற்று கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கிறது, அதனால் மேற்கே தேடச் சொல்லியிருக்கிறேன். வரைபடத்தில் மேற்கே பார்த்தால் நீலம், நீலம், இன்னும் நீலம்.

அறுபது பேர் என்று எழுதியிருந்தாய். எல்லாருக்கும் நாள் கூலி கொடுத்துவிடுகிறேன். எத்தனை பேர் வந்தாலும் சரி. எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்.

இதை வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அபேலு


லெவாசா
19 மார்ச் 1997

அண்ணனுக்கு,

கூலிப் பேச்சை எடுக்காதே. உன் கடிதத்தில் அந்த ஒரு பத்தியை மட்டும் நான் படித்துக் காட்டவில்லை.

இங்கே நடப்பதை நீ பார்க்க வேண்டும். நான் இந்த ஊரிலேயே பிறந்தவள், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. என் வீட்டில் இடம் போதாமல் பக்கத்து வீடுகளில், கோயில் முற்றத்தில், மீன் கொட்டகையில் எல்லாம் பாய் விரித்திருக்கிறோம். அடுத்த ஊரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள். கிரிக்கெட் மட்டைகளைக் கட்டிப் பரணில் போட்டாயிற்று. ஒரு வீட்டிலும் ரேடியோப் பாட்டு இல்லை. பலாமரத்துக்காக மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே பாயில் இருக்கின்றன. பெனி கிழங்கு சுட்டு எடுத்து வருகிறான். வாங்கியவர்கள் நன்றியாக "மாலோ" என்கிறார்கள். அதற்கு மேல் பேச்சில்லை. குழந்தை அழுதால் அதட்டுவதில்லை, தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடக்கிறோம். இங்கே ஒருவர் கோபப்பட்டால் அங்கே படகு ஆடும்.

ஒன்றை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு உன்மேல் வெறுப்பு வந்தது. அண்ணன்மேல் வரக் கூடாத வெறுப்பு. அதை வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. எழுந்து வெளியே போய்விட்டேன். அது தீரும்வரை மணலில் நடந்தேன், வெயில் சாயும்வரை. தீர்ந்த பிறகுதான் என் பாய்க்குத் திரும்பினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. என் பாயில் அதுவரை மரெகோவின் மனைவி உட்கார்ந்திருந்தாள். இடம் காலியாக இருக்கக் கூடாதாம்.

நாலாவது விமானம் போனதும் வா, அண்ணே.

லோசா


ஆப்பியா
25 மார்ச் 1997

அன்புத் தங்கைக்கு,

ஃபலானிகோவை இப்போதுதான் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வருகிறேன். உதடெல்லாம் வெடித்து, தோல் உரிந்து, பாதி எடைதான் இருக்கிறான். நாலு பேரும் நலம். வெள்ளிக்கிழமைக் கப்பலில் அனுப்பிவைக்கிறேன். "அம்மா ஏன் வரல?" என்று கேட்டான். "நீ வீட்டு வாசல்ல கால் வைக்கிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டாளாம்" என்றேன். "அப்ப சரியா இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

உன் எதிரில் சொல்ல வராததை எழுதுகிறேன்.

நான் உன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் உட்கார்ந்தேன் அல்லவா? முதல் நாள் நான் உட்காரவே இல்லை, உட்கார்ந்ததாகப் பேர் பண்ணினேன். பழக்க தோஷத்தில் ஆட்களை எண்ணினேன்: முந்நூற்றுப் பன்னிரண்டு. அத்தனை பேருக்கு நாள் கூலி எவ்வளவு என்று மனசு தானாகப் பெருக்கியது. பக்கத்திலிருந்த மரெகோ காதோரம் வந்து, "ஐயா, கணக்குப் போடறது மூஞ்சியில தெரியுது. மூச்ச மெதுவா விடுங்க" என்றான். என் சம்பளத்தில் இருக்கிற ஆள்! வாயை மூடிக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டேன்.

மறுநாள் என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. அலை பாறையில் மோதும் சத்தம் மட்டும் இருந்தது. முந்நூறு பேர் இருக்கும் இடத்தில் ஒரு இருமல் இல்லை. எல்லாரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல, அதன் மறுமுனையில் ஒரு பாரம் தொங்குவது போல எனக்கு இருந்தது. என் கை உண்மையாகவே வலித்தது. மறுபடி எண்ணினபோது முந்நூற்றுப் பதின்மூன்று வந்தது. என்னையும் சேர்த்திருக்கிறேன்.

அப்போதுதான் பாதிரியார் ஓடி வந்தார். "உவேயாத் தீவுல ஒதுங்கியிருக்காங்க. நாலு பேரும் உயிரோட." ஐந்நூறு கிலோமீட்டர் மேற்கே! நான் துள்ளி எழுந்துவிட்டேன். சுற்றிப் பார்த்தால் நான் ஒருவன்தான் நிற்கிறேன். முந்நூறு முகத்திலும் கண்ணீர் ஓடுகிறது, ஒருவரும் அசையவில்லை. நீ என் வேட்டியின் ஓரத்தை இழுத்து, "உக்காருண்ணே. இன்னும் வீட்டுக்கு வரல" என்றாய். லோசா, துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் வருவதைப் பார்த்திருக்கிறேன், புயல் ஆப்பியாவைப் புரட்டிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பெரிதாக எதையும் பார்த்ததில்லை.

இனி நீ கேளாதது. ஃபலானிகோ சொன்னான்.

எஞ்சின் நின்ற முதல் நாள் நாலு பேரும் பலகையை வைத்துத் துடுப்பு போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் அவர்களில் ஒருவன், யோசெஃபோ, பலகையை வீசிவிட்டானாம். "கேட்டீல்ல? முள் தேய்க்கிறாங்களாம். நமக்குன்னு ஒருத்தன் இல்ல. எதுக்குத் துடுப்பு?" என்று கத்தியிருக்கிறான். ஃபலானிகோ, "எங்கம்மாவப் பத்தி உனக்குத் தெரியுமா, தெரியாதா? கூலிய நிறுத்தினா உக்கார்றத நிறுத்துற ஆளா அது?" என்றானாம். அதற்கு யோசெஃபோ, "உங்கம்மா உக்காந்தா ஊரையே உக்கார வெச்சிடுமே. எழுந்து ஒண்ணுக்குப் போகக்கூட விடாது" என்றானாம். நாலு பேரும் சிரித்துவிட்டார்கள்.

பிறகு உன் மகன் செய்ததைக் கேள். "அங்க உக்காந்திருக்காங்களா இல்லையான்னு நமக்குத் தெரியாது. தெரியறவரைக்கும் நம்மள்ல ரெண்டு பேர் உக்காருவோம்" என்றிருக்கிறான். இரண்டு பேர் வேலை: தார்ப்பாயைக் கம்பத்தில் கட்டிக் காற்றுக்குப் பாய்மரமாகப் பிடிப்பது, தண்ணீர் இறைப்பது, மழை பிடிப்பது. மற்ற இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு, அந்த இருவரையும் பார்த்தபடி, ஒரு சொல் கடிந்து பேசாமல் உட்கார்ந்திருப்பது. நிழல் விழும் கணக்கில் ஆள் மாற்றுவார்களாம். மாறும்போது உட்கார்ந்தவன் "மாலோ, நல்லா உழைச்ச" என்பான். உழைத்தவன் "மாலோ, நல்லா உக்காந்த" என்பான். ஒன்பது நாள்! குடிக்க மழைத்தண்ணீர், தின்னப் பச்சை மீன். ஆறாம் நாள் யோசெஃபோவுக்குக் கை தூக்க முடியவில்லை. அவன் முழு நேரமும் உட்கார்ந்தானாம். "அவன் உக்காந்ததுதான் மாமா எங்களுக்குப் பெரிய வேலை" என்றான் உன் மகன். சந்தையில் கிழங்கு விலை சொல்கிற குரலில் சொன்னான்.

நான் அந்தப் படகுக்குத் தலைவனாக இருந்திருந்தால் நாலு பேரையும் துடுப்பில் போட்டிருப்பேன். அதிகம் போட்டவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கூட என்றிருப்பேன். மூன்றாம் நாள் ஒருவனை ஒருவன் அடித்துக்கொண்டு செத்திருப்போம்.

ஆலை பதினைந்து நாள் தவணை கொடுத்திருக்கிறது. அது கிடக்கட்டும். நான் முடிவு செய்தது இது: இனிமேல் படகு கடலில் இருக்கும்போது உட்காருபவர்களுக்குக் கடலுக்குப் போகிறவனுக்குச் சமமான கூலி. நாளுக்கு இருபது தாலா. ஒன்பது பேருக்கும். மறுக்காதே.

உன் அண்ணன்
அபேலு


லெவாசா
1 ஏப்ரல் 1997

அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை அவன் வாசலில் கால் வைத்தான். எழுந்தேன். கால் மரத்து விழப்போனேன், அவன்தான் என்னைப் பிடித்தான். எலும்பும் தோலுமாய் இருந்துகொண்டு! முந்நூறு பேரும் "மாலோ, நல்லா உழைச்சீங்க" என்றார்கள். நாலு பேரும் "மாலோ, நல்லா உக்காந்தீங்க" என்றார்கள். பிறகு ஊர் போட்ட சத்தத்துக்கு அளவே இல்லை. ஈஸ்டர் முழுக்கப் பாட்டுதான்.

உன் இருபது தாலாவை மறுக்கிறேன். நான் மட்டுமல்ல, ஒன்பது பேரும். மரெகோ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உக்கார்றதுக்கு அவர் இருபது குடுத்தா, பதினஞ்சு குடுக்கிற மாசம் நான் கொஞ்சம் கம்மியா உக்காருவேம்மா. என் மனசு எனக்குத் தெரியும். வேணாம்னு சொல்லிடுங்க." அவனைவிட உன்னை நன்றாகப் புரிந்துகொண்டவன் இல்லை. நீ அதை நிறுத்தினபோது எங்களுக்கு வலிக்கவில்லை. இப்போது விலை வைக்கிறாயே, இதுதான் வலிக்கிறது.

ஆனால் நானும் வியாபாரியின் தங்கைதான், சும்மா விடுவேனா? முள் தேய்ப்பது வேலை, அதற்குக் கூலி உண்டு. இப்போது நாளுக்குக் கொடுக்கிற பன்னிரண்டு தாலா போதாது, பதினெட்டு வேண்டும். அந்த வேலையெல்லாம் படகு புறப்படுவதற்கு முன்னும் திரும்பிய பின்னும்தான். உட்காருகிறவர்களுக்குச் சமைக்கிறோமே, அந்தச் செலவு மீன் விற்ற காசிலிருந்து வரட்டும், கிலோவுக்கு முப்பது சேனே, தாலாவில் பாதிகூட இல்லை. படகுக்கு இரண்டு ரேடியோ. இன்னொன்று, இதில் பேரம் கிடையாது: மலை மறையும் தூரம் படகை அனுப்புகிறவன் தானும் வந்து உட்கார வேண்டும்.

படகுத் தலைவர்கள் மூன்று பேரும் மறுபடி போகத் தயாராக இருக்கிறார்கள். உன் பதிலுக்காகத்தான் நிற்கிறார்கள்.

லோசா


ஆப்பியா
4 ஏப்ரல் 1997

தங்கை லோசாவுக்கு,

கடைசி நிபந்தனையைப் படித்ததும் சிரித்தேன். ஆப்பியாவில் இரண்டு கடை, ஒரு கிடங்கு, நாற்பது ஆள். இதையெல்லாம் விட்டுவிட்டு உன் வீட்டுப் பாயில் வந்து உட்கார வேண்டுமாம். பிறகு ஃபலானிகோவின் உதடு நினைவுக்கு வந்தது. கடைகளை என் மனைவி பார்த்துக்கொள்வாள். என்னைவிட நன்றாகவே பார்க்கிறாள் என்று எல்லாரும் ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள்.

பதினெட்டுக்கு முடியாது. முப்பது சேனேவுக்கும் முடியாது. நீ இறங்கிவருவாய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் நாலு கடிதம் மிச்சம் பண்ணி, இருவரும் வந்து சேரும் இடத்தை இப்போதே எழுதுகிறேன். இதையும் படித்துக் காட்டு. ஒருவர் முகம் சுளித்தாலும் எழுது, மாற்றுகிறேன். இல்லையென்றால் திங்கட்கிழமைக் கப்பலில் நான் வருகிறேன், செவ்வாய்க்கிழமை படகுகள் புறப்படட்டும்.

கரை வேலைக்கு ஆளுக்கு நாள் ஒன்றுக்குப் பதினாறு தாலா, புறப்படும் முன் ஒரு நாள், திரும்பிய பின் ஒரு நாள். விற்கும் மீனில் கிலோவுக்கு இருபத்தைந்து சேனே உன் வீட்டு அடுப்புக்கு. ஒவ்வொரு படகுக்கும் இரண்டு ரேடியோ, என் செலவு. மலை மறையும் தூரத்துக்கு நான் வந்து உட்காராமல் ஒரு படகும் போகாது. உட்கார்வதற்குக் கூலி ஒருவருக்கும் கிடையாது, எனக்கும் சேர்த்து.

உன் அண்ணன்
அபேலு